பொம்மைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. அவளை வளர்த்த பாட்டி இறந்து நான்கு நாளாகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒரு மூலையில் தன் பொம்மையைப் படுக்க வைத்து, துண்டை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிடுகிறாள். ஒரு பென்சிலை அதன் கக்கத்தில் செருகி, எடுத்துப் பார்த்து, "காய்ச்சல் அதிகமாக இருக்கிறது, ஊசி போட வேண்டும்" என்கிறாள். ஊசி போடுகிறாள். பொம்மை இறந்துவிடுகிறது. கொஞ்சம் அழுவதுபோல் செய்கிறாள். உடனே பொம்மை எழுந்துகொள்கிறது. மறுபடி காய்ச்சல், மறுபடி ஊசி, மறுபடி இறப்பு. கால் மணி நேரம் கழித்து எழுந்து வந்து, பலூன் ஊதித் தர முடியுமா என்று கேட்கிறாள்.

இதைப் பார்க்கும் பெரியவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "பாவம், குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை" என்பது ஒன்று. "சாவு வீட்டில் இதென்ன விளையாட்டு, எடுத்து வை" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. அவளுக்குப் புரிந்திருக்கிறது, புரிந்ததை எடுத்துச் சொல்லத்தான் சொற்கள் போதவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் அவள் செய்தது விளையாட்டுதான், ஆனால் அந்த வீட்டில் வேறு யாரும் துணியாத வேலையும் அதுதான். நடந்ததை மறுபடி தொடக்கத்திலிருந்து பார்ப்பது.

கஷ்டத்தையும் இழப்பையும் குழந்தைகள் கற்பனையாலும் பரிவாலும் எப்படித் தாங்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பொம்மையிலிருந்து தொடங்கலாம். உளவியல் படித்திருக்க வேண்டிய தேவையில்லை.

இல்லாததைக் கையில் எடுப்பது

கற்பனை என்றதும் கதை எழுதுவதும் படம் வரைவதும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதற்கெல்லாம் முந்தைய, இன்னும் எளிய ஒன்று. ஏறத்தாழ ஒன்றரை வயதில் குழந்தை வெறும் கோப்பையை வாயருகே கொண்டுபோய் உறிஞ்சுவதுபோல் ஓசை எழுப்பும். அதில் ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரியும். இருந்தாலும் குடிக்கும், நமக்கும் ஒரு வாய் ஊட்டும். இல்லாததை இருப்பதாகப் பாவிக்கும் இந்தத் திறனைத்தான் இங்கே கற்பனை என்கிறேன். 'வைத்துக்கொள்வோம்' என்ற சொல்லை நாம் நினைத்துப் பார்க்காமலே பயன்படுத்துகிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்! இல்லாத ஒன்றைக் கையில் எடுத்து, வேண்டிய நேரம் வைத்துக்கொண்டு, பிறகு இறக்கி வைத்துவிடலாம்.

இழப்பு என்பது இதைத் திருப்பிப் போட்டது. இருந்தவர் இல்லாமல் போகிறார். இல்லாததைக் கையில் எடுக்கப் பழகிய குழந்தையிடம் இதற்கான கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வியப்பு.

கற்பனையில் மூழ்கினால் குழந்தைக்கு நிஜம் எது, பொய் எது என்று குழம்பிவிடாதா என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜோரி டெய்லர், குழந்தைகளின் கற்பனைத் தோழர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2004-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழன் இருந்த குழந்தைகள் 65 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியாத ஆளும் இதில் அடக்கம், பேசவும் கோபித்துக்கொள்ளவும் தெரிந்த கரடி பொம்மையும் அடக்கம். இன்னொரு வேடிக்கை, அந்தத் தோழனைப் பற்றி ஆய்வாளர்கள் மிகுந்த அக்கறையோடு கேள்வி கேட்கும்போது சில குழந்தைகளுக்கே கவலை வந்துவிடுமாம். "இது சும்மா, தெரியும் இல்லையா?" என்று பெரியவர்களுக்கு நினைவூட்டுவார்களாம். குழப்பம் யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நூல் கட்டிய கட்டை

குழந்தை உளவியலில் மிகப் பழைய, இன்றும் எடுத்துக்காட்டப்படும் விளையாட்டு ஒன்று உண்டு. உளப்பகுப்பாய்வு முறையை நிறுவிய மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 1920-இல் எழுதிய நூலொன்றில் தன் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றிச் சொல்கிறார். நல்ல பிள்ளை, அம்மா வெளியே போனால் அழமாட்டான். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் தூர எறிவான். ஒருநாள் நூல் கட்டிய மரக்கட்டை ஒன்று கிடைத்தது. நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டையைத் திரை தொங்கிய தன் தொட்டில் கட்டிலுக்குள் எறிந்தான். கட்டை மறைந்தது; 'போய்விட்டது' என்ற பொருளில் நீண்ட 'ஓ...' நூலை இழுத்தான், கட்டை வந்தது, 'இதோ!' இதையே ஓயாமல் செய்துகொண்டிருந்தான்.

அம்மா போவதும் வருவதும் அவன் கையில் இல்லை. கட்டை போவதும் வருவதும் அவன் கையில். இதுதான் பிராய்டு கண்ட முதல் விளக்கம். நிஜத்தில் தனக்கு நேர்ந்ததை, விளையாட்டில் தானே நடத்துகிறான். அனுபவிப்பவன் என்ற இடத்திலிருந்து செய்பவன் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறான். ஊசிக்குப் பயந்து அலறிய குழந்தை வீட்டுக்கு வந்ததும் பொம்மைக்கு ஊசி போடுவதும் இதே கணக்குதான்.

அந்த நூலின் அடிக்குறிப்பு ஒன்று எனக்கு எப்போதும் நெருடும். பேரனுக்கு ஐந்தே முக்கால் வயதானபோது அவன் தாய், அதாவது பிராய்டின் மகள், இறந்துபோனாள். சிறுவன் துக்கத்தின் அறிகுறி எதையும் காட்டவில்லை என்று தாத்தா எழுதுகிறார். மகளைப் பறிகொடுத்த தகப்பன் எழுதிய வரி அது, ஆகவே கடிந்து பேச மனம் வரவில்லை. ஆனால் துக்கம் வெளியே தெரியவில்லை என்பதும் துக்கம் இல்லை என்பதும் ஒன்றாகுமா? ஓர் எறிந்த கட்டையில் அத்தனை பொருளைக் கண்டவரே இங்கே சறுக்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது. குழந்தைகள் பெரியவர்களைப்போல் தொடர்ந்து துக்கத்தில் இருப்பதில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய குட்டைக்குள் குதிப்பதுபோல் அதில் சட்டென்று இறங்குவார்கள், சட்டென்று வெளியே வந்துவிடுவார்கள். பாட்டிக்காக அழுத சிறுமி பலூன் கேட்டது அதனால்தான். அவளால் ஒரே மூச்சில் தாங்க முடிந்தது கால் மணி நேரம்.

கற்பனை செய்யும் இன்னொரு வேலை, வலியிலிருந்து ஓரடி தள்ளி நிற்க வைப்பது. இது வெறும் ஊகமில்லை. 2017-இல் 'சைல்ட் டெவலப்மென்ட்' என்ற ஆய்விதழில் வந்த சோதனையில் நான்கு வயதும் ஆறு வயதுமான 180 குழந்தைகளிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். பத்து நிமிடம். பக்கத்திலேயே கவர்ச்சியான விளையாட்டு ஒன்றும் இருந்தது. விரும்பினால் அதற்குப் போகலாம். சிலரிடம் 'நான் நன்றாக உழைக்கிறேனா?' என்று தங்களையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சிலரிடம் தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு பேட்மேன் போன்ற ஒரு கதாபாத்திரத்தின் வேடத்தைப் போட்டுவிட்டு, 'பேட்மேன் நன்றாக உழைக்கிறாரா?' என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வேலையில் அதிக நேரம் தாக்குப்பிடித்தவர்கள் வேடம் போட்டவர்கள்தான். தன்னால் முடியாததை பேட்மேனால் முடிகிறது. முடிகிற அந்தக் கை என்னவோ தன்னுடையதுதான். சலிப்பும் துக்கமும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் நான்கு வயதிலேயே இந்தக் கருவி வேலை செய்கிறது என்பதை அந்தச் சோதனை காட்டிவிட்டது.

சரி, நடந்ததை ஒப்புக்கொள்ளாமல் கற்பனைக்குள் ஒளிந்துகொண்டால்? இதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனில் ஒரு பதில் இருக்கிறது. பிராய்டின் இன்னொரு மகள் ஆனா பிராய்டும் டோரதி பர்லிங்கமும் அங்கே போரால் வீடிழந்த, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்குக் காப்பகங்கள் நடத்தினார்கள். அங்கே இருந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் தந்தை குண்டுவீச்சில் இறந்திருந்தார். சிறுவன் காகித வீடுகளைக் கட்டி அவற்றின்மேல் கோலிகளை வீசுவான். வீடுகள் விழும். ஆனால் அவன் விளையாட்டில் உள்ளே இருந்தவர்கள் எப்போதும் சரியான நேரத்தில் தப்பிவிடுவார்கள், வீடுகளும் மறுபடி எழும்பிவிடும். மாதக்கணக்கில் இப்படியே. யாரும் அவனைத் திருத்தவில்லை. பிறகு ஒருநாள் அவனே, தன் தந்தை கொல்லப்பட்டுவிட்டார், இனி வரமாட்டார் என்று வாய்விட்டுச் சொன்னான். அதற்குப் பின் அந்த விளையாட்டு மெல்லக் குறைந்தது. அவன் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. உண்மையைத் தூக்கும் அளவுக்குத் தோள் வலுப்படும்வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் சொல்லாததைக் கற்பனை சொல்லும்

இதுவரை கற்பனையை வாழ்த்தியாயிற்று. அது இன்னொரு பக்கமும் வெட்டும்.

இறப்பைப் பற்றிக் குழந்தை மூன்று விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இறந்தவர் திரும்ப வரமாட்டார். அவர் உடல் இனி பார்க்காது, பசிக்காது, வலிக்காது. உயிருள்ள எல்லாவற்றுக்கும் ஒருநாள் இது நேரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன. அதற்கு முன் அரைகுறையாகப் புரிந்திருக்கும். அந்த வயதில்தான் நாம், மனம் நோகக் கூடாது என்று நினைத்து, "பாட்டி தூங்குகிறாள்", "பாட்டி வெளியூர் போயிருக்கிறாள்" என்று சொல்லிவைக்கிறோம். முதல் வாக்கியத்தைக் கேட்ட குழந்தை அன்று இரவு தூங்கப் பயப்படும். இரண்டாவதைக் கேட்டது, என்னிடம் சொல்லாமல் ஏன் போனாள், என்மேல் என்ன கோபம் என்று யோசிக்கத் தொடங்கும்.

உண்மை இல்லாத இடத்தைக் கற்பனை காலியாக விடாது. அது இட்டு நிரப்பும் கதை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. சின்னக் குழந்தைகளின் கதையில் குற்றவாளி அநேகமாக அவர்களேதான். 'அன்றைக்குப் பாட்டியிடம் செத்துப்போ என்று கத்தினேன், அதனால்தான்.' நினைத்தால் நடந்துவிடும் என்று நம்பும் வயது அது. இப்படி ஒரு தீர்ப்பை உள்ளுக்குள் எழுதி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வளர்ந்தவர்கள் உண்டு. "பாட்டியின் இதயம் மிகவும் பழுதாகிவிட்டது, மருத்துவர்களாலும் சரிசெய்ய முடியவில்லை, அது நின்றுவிட்டது. நீ சொன்ன எதனாலும், நினைத்த எதனாலும் அது நடக்கவில்லை." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். ஒரு முறை போதாது.

பரிவு என்றால் தட்டிக்கொடுப்பதும் இனிப்பாகப் பேசுவதும் என்று நினைத்திருப்போம். இழப்பில் இருக்கும் குழந்தைக்கு முதல் பரிவு, புரியும் சொல்லில் உண்மை.

ஒரே ஒருவர்

அமெரிக்க உளவியலாளர் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடத்திய ஆய்வு ஒன்றைக் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசுகிற எவரும் தாண்டிப்போக முடியாது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து நடுவயது வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. அவர்களில் ஒரு பகுதியினர் மிகக் கடினமான சூழலில் பிறந்தவர்கள். வறுமை, ஓயாத குடும்பச் சண்டை, குடிநோய் அல்லது மனநோயால் அவதிப்படும் பெற்றோர் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்தப் பிரிவினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், எல்லாக் கணிப்பையும் மீறி, திறமையும் அக்கறையும் உள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள்.

எப்படி? இயல்பான குணம், படிப்பில் கிடைத்த பிடிமானம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாவற்றிலும் தனித்துத் தெரிந்தது, அவர்களின் சிறுவயதில் நிபந்தனையில்லாமல் அக்கறை காட்டிய ஒருவராவது இருந்தார் என்பது. அவர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தாத்தா, பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். ஒருவர். எண்ணிக்கையைக் கேட்டால் சிறிதாகத் தோன்றும். அந்த ஒருவர் இல்லாத குழந்தைகளிடம் கேட்டால்தான் அதன் அளவு தெரியும்.

ஆனா பிராய்டின் காப்பகத்துக்குத் திரும்புவோம். தொடக்கத்தில் எல்லாப் பணியாளர்களும் எல்லாக் குழந்தைகளையும் பொதுவாகக் கவனித்துக்கொண்டார்கள். உணவு, தூய்மை, பாதுகாப்பு எதற்கும் குறைவில்லை. இருந்தும் குழந்தைகள் வாடிக்கிடந்தார்கள். பிறகு அமைப்பை மாற்றி, நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு பெண் என்று சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். உடனே அமைதி வந்துவிட்டதா? நேர்மாறாக, அழுகை, பொறாமை, 'இவள் என்னுடைய அம்மா' என்று சண்டை. பார்ப்பவர்களுக்கு எல்லாம் கெட்டுவிட்டதுபோல் இருந்திருக்கும். ஆனால் பின்தங்கியிருந்த பேச்சும் பழக்கங்களும் அதற்குப் பிறகுதான் வேகமாக முன்னேறின. சத்தமில்லாத குழந்தை நலமாக இருக்கிறது என்று நினைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இது ஒரு சாட்சி.

இன்னொரு சாட்சி மருத்துவமனைகள். ஐம்பதுகளின் தொடக்கம்வரை பிரிட்டனில் பல மருத்துவமனைகள் சிறு குழந்தைகளின் பெற்றோரை உள்ளேயே விடமாட்டா, அல்லது வாரத்துக்குச் சிறிது நேரம் மட்டும் விடும். பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாகப் 'பழகிக்கொள்கிறது' என்பது காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952-இல் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அவள் அதிகம் அழவில்லை. தன் கரடி பொம்மையையும் போர்வையையும் இறுகப் பற்றிக்கொண்டு முகத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். நாள் செல்லச் செல்ல, தாய் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959-இல் அரசுக் குழு ஒன்று, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிவு மனிதர்களிடம் இருந்தால் மட்டும் போதாது, சட்டதிட்டங்களிலும் இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சிறுமி பற்றிக்கொண்டிருந்த போர்வையைப் பற்றியும் ஒரு சொல். குழந்தை இழுத்துக்கொண்டே திரியும் அழுக்குத் துணிக்கும் கிழிந்த பொம்மைக்கும் டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-இல் ஒரு கோட்பாடே எழுதினார். அது தாயும் இல்லை, வெறும் துணியும் இல்லை. இரண்டுக்கும் இடையில் குழந்தை தானே உண்டாக்கிக்கொண்ட ஒன்று. அதை வெளியிலிருந்து கண்டெடுத்தாயா, உன் மனத்திலிருந்து படைத்தாயா என்று குழந்தையிடம் கேட்கவே கூடாது என்றார் அவர். துவைத்தால் அதன் வாசனை போய்விடும், அதனால் பல தாய்மார் அதைத் துவைக்காமல் விட்டுவிடுவதையும் கவனித்து எழுதியிருக்கிறார். கற்பனையைக் குழந்தை செய்கிறது; அதைக் கலைக்காமல் விடும் பரிவைப் பெரியவர் செய்கிறார். நம் பொருளின் இரு பாதிகளும் ஒரு கந்தல் துணியில் சேர்ந்துவிடுகின்றன.

சோக முகம் கொண்ட நாய்க்குட்டி

இதுவரை பரிவைக் குழந்தை பெற்றுக்கொள்ளும் பொருளாகவே பேசினேன். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இனிமேல்தான் வருகிறது.

2006-இல் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்புக்கும் இடையே நடந்த போரின்போது, வீட்டைவிட்டு வெளியேறி முகாமில் தங்கியிருந்த சிறு குழந்தைகளுக்கு அவி சாதே என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு துணி நாய்க்குட்டியைக் கொடுத்தார்கள். நீண்ட கைகள், கழுத்தைக் கட்டிக்கொள்ள வசதியாக. முகம் சோகமாக இருக்கும். 'இவன் வழக்கமாகச் சந்தோஷமாக இருப்பவன். இப்போது வீட்டைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டான், வருத்தமாக இருக்கிறான். அணைத்துக்கொள்ள யாராவது வேண்டும். நீ பார்த்துக்கொள்வாயா?' இவ்வளவுதான் சிகிச்சை. உனக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒரு கேள்விகூட இல்லை.

அந்தக் குழந்தைகளின் பதற்ற அறிகுறிகள் குறைந்ததாக 2008-இல் வெளியான அவர்களின் ஆய்வு சொல்கிறது. நாய்க்குட்டியோடு அதிகம் ஒட்டிக்கொண்டு அதிகம் கவனித்துக்கொண்டவர்களிடம் மாற்றமும் அதிகமாக இருந்தது.

ஒரு துணிப் பொம்மை என்ன செய்தது என்று பிரித்துப் பார்த்தால் அதன் நுட்பம் தெரியும். குழந்தை தன் பயத்தைத் தன் பெயரில் சொல்ல வேண்டியதில்லை. அது நாய்க்குட்டியின் பயம். பேட்மேன் வேடத்தில் கண்ட அதே இடைவெளி. கூடவே, இதுவரை எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடிய, எதிலும் கேட்கப்படாத குழந்தைக்கு இப்போது தன்னைவிடச் சின்ன ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். நூல் கட்டிய கட்டையில் கண்டதுபோல், அனுபவிப்பவரிலிருந்து செய்பவராக மாறுகிறது. தான் கேட்க விரும்பும் ஆறுதல் வார்த்தைகளை நாய்க்குட்டிக்குச் சொல்லும்போது, சொல்லும் வாயும் கேட்கும் காதும் ஒரே குழந்தையுடையவை.

கொடுப்பதில் குழந்தைக்கு இன்பம் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. கனடாவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தின்பண்டம் பெற்றபோது காட்டிய மகிழ்ச்சியைவிட, அதை ஒரு கைப்பொம்மைக்குக் கொடுத்தபோது காட்டிய மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. தங்களுக்கென்று வைத்திருந்ததிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் கூடுதல். கவாய் ஆய்விலும் இதன் சாயல் உண்டு. தாக்குப்பிடித்த குழந்தைகளில் பலருக்கு வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற, மெய்யாகவே பிறருக்கு உதவும் வேலை ஒன்று இருந்தது.

இங்கே ஒரு தடுப்புச்சுவர் எழுப்பியாக வேண்டும். தந்தையை இழந்த பத்து வயதுப் பையனின் தோளைத் தொட்டு, "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை, அம்மாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லும் உறவினர்கள் எங்கும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதைவிடக் கொடுமையான வாக்கியத்தை அந்த நாளில் அவனிடம் சொல்ல முடியாது. அம்மாவின் துக்கம் அவன் தூக்கக்கூடிய எடை அல்ல. ஒரு பொம்மை, ஒரு செடி, தம்பியின் செருப்பை மாட்டிவிடுவது, பாட்டியின் படத்தைத் துடைத்து வைப்பது, இவை தூக்கக்கூடிய எடை. செய்து முடித்தேன் என்று மாலையில் சொல்ல முடிகிற வேலையாக இருக்க வேண்டும்.

இவற்றால் ஆகாதவை

பசியைக் கற்பனை தீர்க்காது. அடிக்கும் கையைப் பரிவான பேச்சு தடுக்காது. முதலில் சோறும் பாதுகாப்பும். மற்றவை அதன் பிறகு. குழந்தைகள் இயல்பாகவே தாங்கிக்கொள்வார்கள் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. தாங்க வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார் என்ற கேள்வியை அந்தப் பேச்சு சாமர்த்தியமாக மறைத்துவிடுகிறது.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசீன் முகாமில் பிரீடல் டிக்கர்-பிரான்டைஸ் என்ற ஓவியர் குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்படும் முன், ஏறத்தாழ 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் மறைத்துவைத்துவிட்டுப் போனார். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அவரும்தான். போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில் அநாதை இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்சாக், 1942 ஜூலை 18 அன்று தன் குழந்தைகளை வைத்து தாகூரின் நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். நோயால் வெளியே போக முடியாத சிறுவன் ஒருவன் சன்னலருகே அமர்ந்து, வழியில் போகிறவர்களோடு பேசி, அரசரிடமிருந்து தனக்கொரு கடிதம் வரும் என்று காத்திருப்பதுதான் கதை. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் கோர்சாக்கும் ஏறத்தாழ 200 குழந்தைகளும் திரெப்லிங்கா வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தப்பிக்க வாய்ப்புகள் வந்தும் அவர் குழந்தைகளை விட்டுப் போகவில்லை.

கற்பனை அவர்களைக் காப்பாற்றவில்லை. அப்படியானால் அந்த வகுப்புகளும் அந்த நாடகமும் வீணா? பிழைத்தவர்கள் எண்ணிக்கையை வைத்து மட்டும் அளந்தால் வீண்தான். அந்த ஒரு மாலையில் அந்தக் குழந்தைகள் கைதிகளாக இல்லை, நடிகர்களாக இருந்தார்கள் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டே சிக்கிக்கொள்வதும் உண்டு. 1976-இல் அமெரிக்காவின் சவ்சில்லா என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் அடைக்கப்பட்டு, பிறகு தப்பிவந்தார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், சில குழந்தைகளின் விளையாட்டில் ஒரு வேறுபாட்டைக் கண்டார். அதே காட்சி, அதே முடிவு, சிரிப்பே இல்லாத முகம், விளையாடி முடித்த பின்னும் குறையாத பயம். கோலி வீசிய சிறுவனின் விளையாட்டும் திரும்பத் திரும்ப நடந்ததுதான். ஆனால் அது மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இது அசையாது. வாரக்கணக்கில் விளையாட்டு இப்படி உறைந்துபோயிருந்தால், தூக்கமும் உணவும் கெட்டால், செத்தவரோடு தானும் போக வேண்டும் என்று குழந்தை சொன்னால், குழந்தை மனநல நிபுணரைத் தேடிப் போக வேண்டும். தயங்க இதில் ஒன்றுமில்லை.

பென்சிலை நீட்டும்போது

நாம் என்னதான் செய்வது? பெரும்பாலும், கெடுக்காமல் இருப்பது. பொம்மை இறந்தால் இறக்கட்டும். 'ஐயோ, பொம்மையைப் பிழைக்க வைத்துவிடு' என்று முடிவை நாம் எழுதக் கூடாது. 'இது பாட்டிதானே?' என்று முகமூடியைக் கழற்றவும் கூடாது. முகமூடி போட்டிருப்பதால்தான் அவளால் பேச முடிகிறது. பேச வேண்டுமானால் பொம்மையிடமே பேசலாம். 'உனக்கு ரொம்ப வலிக்கிறதா? யார் உன் பக்கத்தில் இருக்க வேண்டும்?' பதிலைப் பொம்மைக்காக அவள் சொல்வாள். அந்தப் பதிலில் அவளுக்கு என்ன வேண்டும் என்பது இருக்கும்.

விளையாட்டுக்கு வெளியே அவள் நேராகக் கேட்டால், நாமும் நேராகச் சொல்ல வேண்டும். பாட்டி வருவாளா? வரமாட்டாள். நீயும் செத்துப்போவாயா? எல்லாரும் ஒருநாள் போவார்கள். நான் நெடுங்காலம் உன்னோடு இருப்பேன் என்று நினைக்கிறேன், அப்படி இருக்க என்னாலானதைச் செய்கிறேன். செத்த பிறகு எங்கே போவார்கள்? உங்கள் நம்பிக்கை எதுவோ அதைச் சொல்லுங்கள், தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். உங்கள் கண்ணில் நீர் வந்தால் மறைக்க வேண்டாம். 'எனக்கும் பாட்டியை நினைத்தால் அழுகை வருகிறது' என்பது அவளுக்குக் கிடைக்கும் பெரிய அனுமதி. வழக்கமான நேரத்தில் குளிப்பதும் சாப்பிடுவதும் கதை கேட்பதும் தொடரட்டும். எல்லாம் சரிந்த பிறகும் இரவுக் கதை அதே நேரத்துக்கு வருகிறது என்பதில் குழந்தை எடுத்துக்கொள்ளும் ஆறுதலை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

மறுநாள் காலை அவள் மறுபடி பொம்மையைப் படுக்க வைத்திருக்கிறாள். துண்டு, பென்சில், எல்லாம் அப்படியே. இந்த முறை உங்களைப் பார்த்துப் பென்சிலை நீட்டுகிறாள். நீங்கள்தான் இன்று மருத்துவர்.

வேலை இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். தரையில் உட்காருங்கள். பென்சிலைப் பொம்மையின் கக்கத்தில் வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூற்றிரண்டு இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்வாள்.